அன்னபேதி, ஒரு கைப்பிடி

ராயபுரத்தில் எங்கள் முலாம் பட்டறைக்குள் கடல் கேட்காது. துறைமுகம் கூப்பிடு தூரம்தான். கப்பல் ஊதினால் தகரக் கூரை அதிரும். ஆனால் டைனமோ ஓட ஆரம்பித்துவிட்டால் அலையும் போச்சு, ஊதலும் போச்சு, காதை அடைக்கும் ஒரே ரீங்காரம். அந்த ரீங்காரத்துக்கு அடியில், நீளத் தொட்டியில், தண்ணீரைப் போலவே ஒன்று கிடக்கும். தெளிவாக, லேசாக மஞ்சளோடி. குனிந்தால் முகம் தெரியும். கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்ட முள்கரண்டிகளும் தேக்கரண்டிகளும் வெள்ளியாக வெளியே வந்து, கப்பல்களின் சாப்பாட்டு அறைகளுக்குத் திரும்பிப் போகும்.

வெள்ளியைக் கரைத்துப் பிடித்து வைத்திருந்தது சயனைடு. அந்தப் பெயரை நாங்கள் சொல்வதில்லை. உப்பு என்போம். உப்பு போட்டாச்சா, உப்பு கம்மியா கீது, உப்புக் கையோட பீடியத் தொடாத. வீட்டில் சோற்றுக்குப் போடுகிற உப்பைக் கையால் எடுக்கும்போதுகூட எனக்கு ஒரு கணம் விரல் தயங்கும்.

நான் அங்கே உப்பு அளந்து போடுகிறவன். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் தங்கையைக் கட்டியவன் தொட்டிக்காரன்; சாமான்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவன் வேலை. பட்டறைக்குள் அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. தங்கையைப் பற்றி என்னிடம் பேசும்போது மட்டும் அவனுக்குக் கண் தரையில் இருக்கும்.

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் இரண்டு சீசா. பாக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து மாட்டவைத்துவிட்டுப் போனது. ஒன்றில் இளம்பச்சைத் தண்ணீர், கோலிசோடாக் கண்ணாடியின் நிறம். இன்னொன்றில் நிறமே இல்லை. பச்சை, இரும்புச் சத்து; நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று பச்சைக் கற்கண்டுபோல விற்பார்களே, அதையே தண்ணீரில் கரைத்தது. மற்றது சலவைச் சோடா. எவனாவது உப்பை விழுங்கிவிட்டால் இரண்டையும் அந்த நிமிஷமே கலந்து குடிக்கக் கொடு என்றார் அவர். முன்கூட்டியே கலந்து வைத்தால் உதவாது. பச்சை பழுப்பானாலும் உதவாது, கொட்டிவிட்டுப் புதிதாய்க் கரைக்க வேண்டும்.

ஏன் இரும்பு என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். இந்த விஷத்துக்கு இரும்பின் மேல் அடங்காத ஆசை. உள்ளே போனதும் அது தேடுவது இரும்பை. மூச்சுக்காற்றை வாங்கி உயிர்ச்சூடாக மாற்றுகிற இடம் ஒன்று உடம்பின் ஒவ்வொரு நுனியிலும் உண்டாம், அங்கே ஒரு பொட்டு இரும்பு உட்கார்ந்திருக்கிறதாம். விஷம் போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் பிரயோசனமில்லை. ஆகையால் வயிற்றிலேயே வேறு இரும்பைக் காட்டி அதன் கையை நிரப்பிவிட வேண்டும். இப்போது, நரை விழுந்த இந்த வயதில், டாக்டராக இருக்கும் ஒரு நண்பர் சொல்கிறார்: கோபால்ட் என்று ஒரு உலோகம், அதை ஊசியில் ஏற்றி நரம்புக்குள்ளேயே அனுப்புகிறார்களாம் மேல்நாட்டில், விஷம் இரும்பை விட்டுவிட்டு அதனோடு போய்விடுமாம். உலோகம் மாறியிருக்கிறது. ஆசை காட்டி அழைத்துப் போகும் வேலை அதேதான். அன்றைக்கு எங்களிடம் இருந்தது இரும்பு, அதுவும் பழுத்த இரும்பு.

பழுத்த என்பது முதலாளியின் வார்த்தை. ஆடி மாதத்திலேயே பச்சை சீசா தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று போய்ச் சொன்னேன். அவர் தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் அரிஷ்டம் குடிக்கிறவர். சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அரிஷ்டம் ஊற ஊறத்தான் வீரியம், பச்சையாக இருந்தது பிஞ்சு, இப்போதுதான் மருந்து பழுத்திருக்கிறது என்று எனக்கே பாடம் சொல்லிப் பெட்டியை மூடினார். பட்டறை முழுக்கத் தலையாட்டியது. அவரவர் வீட்டிலும் ஒரு அரிஷ்ட சீசா இருந்தது.

ஆயுத பூசை வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். அன்றைக்கு ஒவ்வொரு ஆளும் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவந்து வெள்ளி முலாம் போட்டுக்கொள்ளலாம். காசு கிடையாது, கேள்வி கிடையாது. பூசை முலாம் என்று பெயர். பித்தளைக் குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், பால் டம்ளர் என்று காலையிலிருந்து வரிசை. சாமான்களைத் தேய்த்து மெருகேற்றும் பாய்கூடத் தன் பெண்ணுக்கு ஒரு வெற்றிலைப் பெட்டி கொண்டுவந்திருந்தார். சாமி உங்களுது, வெள்ளி எல்லாருதும் என்று சிரித்தார்.

மாப்பிள்ளை கொண்டுவந்தது ஒரு சொம்பு. தங்கைக்கு நாங்கள் சீராகக் கொடுத்த பித்தளைச் சொம்பு; குறுகல் கழுத்து, உருட்டி மடித்த விளிம்பு, கீழே நல்ல வயிறு. எல்லாருடைய பாத்திரத்தையும் ஏற்றி இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் தன்னுடையதைத் தொங்கவிட்டான். உள்பக்கமும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று கூடுதலாய் விட்டுவைத்தான். பாய் அவனைச் சீண்டிக்கொண்டே இருந்தார், பொண்டாட்டிக்கு முகம் பாக்கக் கண்ணாடி செய்றியாடா மாமு என்று.

அதற்குள் மற்றவர்கள் பட்டறையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். மணிச் சத்தம் கேட்டபோது டைனமோ நின்றது. சுத்தி, சாமணம், தராசு, சுவரில் இருந்த மருந்துப் பெட்டி, எல்லாம் பலகையில் ஏறின. முதலாளி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். மருந்துப் பெட்டிக்குச் செவ்வந்திச் சரம். மாப்பிள்ளையின் சொம்புக்கும் பொட்டு. கற்பூரம் அணைந்ததும் அவன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸுக்கு ஓடினான். போகும்போது சிரித்தான்.

எல்லாரும் பொரியும் கடலையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா நின்று தொட்டிகளைப் பார்த்தேன். வெள்ளித் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று அலசல் தொட்டிகள். தொட்டியிலிருந்து எதை எடுத்தாலும் அந்த மூன்றிலும் முக்கித்தான் வெளியே வரவேண்டும். மூன்றும் காலி. துடைத்து, காய்ந்து, உதட்டில் சந்தனம் வழிந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாக ஒரு பொட்டு. அடியில் ஈரமே இல்லை. எப்போது கவிழ்த்தீர்கள் என்று கேட்டேன். மணி அடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே என்றான் ஒருவன், வாய் நிறையப் பொரியோடு.

சொம்பு மணி அடிக்கும்போதுதான் வெளியே வந்தது.

வெளிப்பக்கத்தைத் துடைத்திருப்பான். உள்ளே கை போகாது. கவிழ்த்தாலும் அந்தத் தோளில் கொஞ்சம் தங்கும், விளிம்பின் மடிப்புக்குள் கொஞ்சம் தங்கும், நிமிர்த்தினால் சொட்டுச் சொட்டாய் அடிக்கு இறங்கும். வீட்டுக்குப் போய்ப் புளி போட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். ஆனால் அதில் பொட்டு வைத்திருந்தது. பூசையில் வைத்துப் பொட்டிட்ட பாத்திரத்தை எந்தப் பெண்பிள்ளை அன்றைக்கே தேய்த்துக் கழுவுவாள்? என் தங்கை கழுவமாட்டாள். எனக்குத் தெரியும். அவள் அதில் தண்ணீர் ஊற்றுவாள்.

மருந்துப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினேன். முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகவில்லை, ஆனால் விடவுமில்லை.

"சாமி முன்னாடி வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னா அவசரம் உனக்கு?"

சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கை தானாகக் கழன்றது. பெட்டியைத் திறந்தேன், செவ்வந்தி தரையில் விழுந்தது. பழுப்பு சீசாவை வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் துருவாய் வண்டல். அதை அங்கேயே விட்டேன். சோடா சீசாவை மட்டும் இடுப்பில் செருகினேன். பாய் ஏற்கெனவே தன் சைக்கிளை வாசலில் திருப்பி வைத்திருந்தார்.

"எடுத்துகினு போ மாமு. பிரேக்கு கெடையாது. நீ நிறுத்தவும் தேவயில்ல."

நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. தண்டையார்பேட்டையில், ரோட்டோரம், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் நாட்டு மருந்துக் கடை. அங்கே அன்னபேதி கிடைக்கும். வழியெல்லாம் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மணமகன்களைப் போல் நின்றன. சைக்கிள் குங்குமத்தில் சிவந்த அந்தச் சதையில் வழுக்கி வழுக்கிப் போயிற்று. ஊரே இரும்பைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. லாரியின் மூக்கில் பொட்டு, கொல்லனின் பட்டடைக் கல்லில் பொட்டு, தண்டவாளம் முடுக்கும் சாவியில் பொட்டு. இத்தனை இரும்பு, ஒரு கைப்பிடி அவள் வயிற்றுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

கடையில் பலகை பாதி சாத்தியிருந்தது. அண்ணாச்சி விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசு படத்துக்கு முன்னால், தட்டுகள் இரண்டிலும் பூ.

"தராசு பூசையில இருக்குல்லா தம்பி. இன்னைக்கு எதையும் நிறுக்கக் கூடாது. காலைல வாங்க."

"நிறுக்க வேணாம் அண்ணாச்சி. அள்ளிக் குடுங்க, அன்னபேதி."

ரத்தசோகைக்குத்தானே, ஒருநாள் பொறுத்தால் ஒன்றும் ஆகாதே என்று அவர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். தங்கச்சிக்கு, விஷம், என்றேன். அந்த மனிதர் தராசைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், எழுந்து ஜாடியைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டார். நான் நிறுக்கலை, நீங்களே எடுத்துக்கிடுங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலாக இருந்ததெல்லாம் வெளுத்துப் பொடிந்திருந்தது, காற்றுப்பட்டது. முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் கிளறினேன். பச்சையாக, ஈரம் பளபளக்க, கல்கல்லாய்க் கைக்கு வந்தது. ஒரு கைப்பிடி. காகிதத்தில் அவரே மடித்துக் கொடுத்தார்.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஓட்டு வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டி. சந்து முனையில் சைக்கிளை விட்டேன். அது தானாகப் போய் ஒரு சுவரில் சாய்ந்தது. ஓடினேன். வாசல் திறந்திருந்தது.

உள்ளே படத்துக்கு முன்னால் விளக்கு. சொம்பு. கண்ணைக் கூசும் வெண்மை. கழுத்தில் பொட்டு அழியாமல் இருந்தது. என் தங்கை அதைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா வலது கையைக் குழித்து நீட்டியிருந்தார், தீர்த்தத்துக்கு. அந்தக் குழிந்த கையில் தண்ணீர் விழுந்துவிட்டிருந்தது. கை உதட்டை நோக்கி உயர்ந்தது.

தட்டிவிட்டேன். தண்ணீர் சுவரில் தெறித்தது.

"இன்னா இது, தீர்த்தத்தப் போயி தட்டிவுடுற? பித்து புட்ச்சிகிச்சா உனுக்கு?"

கையைக் கழுவுங்கள், உதட்டில் வைக்காதீர்கள் என்று மட்டும் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். தங்கையைப் பார்த்தேன். நீ குடிச்சியா என்று கேட்டேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். முதலில் தான்தானே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரே ஒரு உள்ளங்கை என்றாள். சொல்லும்போதே சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள். மூச்சு வேகமாக வந்தது, ஓடி வந்தவள் மாதிரி. ஓடி வந்தவன் நான்.

"ண்ணா, தொண்டைய யாரோ புடிக்கிறாங்க."

பித்தளை டம்ளரில் கல்லைப் போட்டுப் பானைத் தண்ணீர் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறினேன். கல் கரைய மாட்டேன் என்றது. உலகத்திலேயே மெதுவான பொருள் அன்னபேதிக் கல்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இடித்தேன், கலக்கினேன், இளம்பச்சை இறங்கியது. சோடாவை ஊற்றினேன். இரண்டும் சேர்ந்த இடத்தில் திரி திரியாய், கரும்பச்சையாய், திரிந்த பாலைப்போல் கட்டிக்கொண்டு வந்தது. அவள் தரையில் சரிந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். டம்ளரைக் கொண்டுபோனேன். வாயைத் திருப்பிக்கொண்டாள். சாணித் தண்ணி மாதிரி கீது, மாட்டேன் என்று முனகினாள்.

"சாணித் தண்ணின்னே நெனச்சுக்க. குடி."

குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. மறுபடி கலக்கினேன், மறுபடி குடித்தாள். கண் மேலே செருகிக்கொண்டு போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. கையைப் பிடித்திருந்தேன், நாடி என் விரலுக்கடியில் மீன்குஞ்சு மாதிரித் துள்ளியது. விஷம் எங்கே போயிருக்கிறது இப்போது, எந்த இரும்பைக் கட்டியிருக்கிறது, அவளுடையதையா, நான் கொடுத்ததையா? கேட்கத்தான் முடியும். உள்ளே பார்க்க முடியாது.

அப்போது வாந்தி எடுத்தாள். சிமெண்டுத் தரையில் விழுந்தது. பச்சையும் பழுப்புமாய் ஓடியது, ஓரத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலம் ஊறியது. சலவைக்காரர் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைவிட ஆழம். பேனா மையின் நீலம். பக்கத்து வீட்டம்மா விஷம் விஷம் என்று அலறினார். அவர் சொன்னது சரிதான். அந்த நீலம், விஷமும் இரும்பும் கைகோத்துக்கொண்ட நிறம். பட்டறையில் உப்புத் தண்ணீர் இரும்புத் துருவில் சிந்திக் கிடந்த இடங்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குள் போனது நிஜம் என்று அது சொன்னது. கொஞ்சமாவது பிடிபட்டுவிட்டது என்றும் சொன்னது. எவ்வளவு என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை அப்போதுதான் வந்தான். கையில் கரும்பு, தோளில் பொரி மூட்டை. சொம்பை அவளிடம் கொடுத்து, தொடாதே, வந்து நான் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்கிறான். ஏன் என்று சொல்லவில்லை. தொடாதே என்றதை அவள் பூசைக்கான பக்தியாக எடுத்துக்கொண்டு குளித்துவிட்டு வந்து தொட்டிருக்கிறாள். கரும்பு அவன் கையிலிருந்து நழுவவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு சொம்பைப் பார்த்தான். அதற்குள் இன்னும் தண்ணீர் இருந்தது. அவன் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்துக் குடித்துவிடுவான் போலிருந்தது. டம்ளரில் மிச்சமிருந்த கலவையைச் சொம்புக்குள் ஊற்றி, வெளியே மணலில் குழி பறித்துக் கவிழ்த்து மூடினேன். போய் ஜட்கா கூட்டிக்கொண்டு வா என்று கத்தினேன். ஓடினான்.

குதிரை வண்டியில் தங்கையின் தலை என் தொடையில் கிடந்தது. தெருவெல்லாம் மணியும் கற்பூரமும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் மூச்சை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குதிரையைக் கெஞ்சிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். ஊசி போட்டார்கள். வயிற்றைக் கழுவினார்கள். கழுவிய தண்ணீரிலும் நீலம் வந்தது என்று நர்ஸம்மா சொன்னார். டாக்டர் என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு டம்ளர் குடித்திருந்தால் நீ வந்து சேர்வதற்கே நேரம் இருந்திருக்காது என்றார். உள்ளங்கை அளவு தீர்த்தம், அது ஒன்று. இரும்பு, அது ஒன்று. எது காப்பாற்றியது என்று கேட்டேன். தெரியாது என்றார், நேராக என் கண்ணைப் பார்த்து.

மறுநாள் காலையில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தாள். பேசினாள். முலாம் ரொம்ப அழகாக இருந்தது ண்ணா என்று வருத்தமாகக்கூடச் சொன்னாள். ஆனால் ஊசி போட்டுத் தெளிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நர்ஸம்மா கொடுத்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டாள். மிரட்டினார்கள், கொஞ்சினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்குள் குடிக்க வைக்காவிட்டால் திரும்பக் கொண்டுவா என்றார்.

வீட்டில் தரையை யாரோ கழுவியிருந்தார்கள். அவளைப் பாயில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை குழாயடிக்குப் போய், குயவரிடம் புதிதாக வாங்கிய மண் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் முன்னால் குந்தினான். சந்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா கதவருகே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கை குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"மொதல்ல நீ குடி."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குவளையைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் வைத்தே குடித்தான். பாதியில் நிறுத்தி, வாயைத் துடைக்காமல், அவளுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அவன் தொண்டையைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். ஒரு சரக்கு ரயில் வந்து, கடந்து, சத்தம் எண்ணூர்ப் பக்கம் தேய்ந்து போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனும் அசையாமல் மூச்சு விட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு கையை நீட்டி மிச்சத்தை வாங்கிக்கொண்டாள்.